பத்தாயிரத்தில் ஆறு: ஈஸ்ட்ரோஜனும் பெருங்குடலும்

2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் ஒரு மருந்தாய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. எட்டரை ஆண்டுகள் நடக்க வேண்டிய ஆய்வு, சராசரியாக ஐந்து ஆண்டுகளைச் சற்றே கடந்த நிலையில் முடித்துவைக்கப்பட்டது. 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள் அதில் பங்கேற்றிருந்தனர். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து உண்டால் இதயநோய் குறையுமா என்பதே கேள்வி. குறையவில்லை, கூடியது. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு அம்மாத்திரையை உண்டால், போலி மாத்திரை உண்டவர்களைவிட இதயநோய் 7, பக்கவாதம் 8, நுரையீரலில் இரத்த உறைவு 8, மார்பகப் புற்றுநோய் 8 என்று கூடுதலாக ஏற்படும் எனக் கணக்கு சொன்னது. அதே பட்டியலில் இரண்டு வரிகள் மட்டும் எதிர்த்திசையில் நின்றன. இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் 6 குறைவு.

பட்டியலின் மேற்பாதி உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. கடைசி வரியோ, ‘ஈஸ்ட்ரோஜன் பெருங்குடலைக் காக்கும்’ என்ற சிறு வாக்கியமாகச் சுருங்கி மருத்துவர்கள் பலரின் நினைவில் தங்கிவிட்டது. அவ்வாக்கியத்துக்கு அந்த ஆய்வைவிட நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், ‘காக்கும்’ என்ற சொல் எத்தனை முறை ஐயத்துக்குள்ளாயிற்று என்பது புலப்படும்.

தொடக்கம் மருத்துவமனையில் அன்று, கன்னி மாடத்தில். தொழில்சார் நோய்களைப் பற்றி முதன்முதலில் முறையாக எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாத்சினி, கன்னியாஸ்திரிகளிடையே மார்பகப் புற்றுநோய் மிகுந்து காணப்படுவதை 1713இல் வெளிவந்த தம் நூலின் பதிப்பில் குறித்துள்ளார். அவர் கண்ணாரக் கண்டதை எண்ணிக்கையாக்கியவர் வெரோனா நகரத்து மருத்துவர் தொமேனிக்கோ ரிகோனி ஸ்டெர்ன். 1760 முதல் 1839 வரையிலான அந்நகரத்து இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, துறவு பூண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதல் என்று 1842இல் காட்டினார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை. பிள்ளைப்பேறும் புற்றுநோயும் ஏதோ ஓர் இழையால் பிணைக்கப்பட்டுள்ளன என்பது மட்டும் ஏட்டில் ஏறிற்று.

1969இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஃபிரௌமேனியும் அவருடைய குழுவினரும் அதே கேள்வியை மீண்டும் எடுத்தனர். அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளின் இறப்புக் கணக்கில் மார்பகப் புற்றுநோய் மிகுந்திருந்தது வியப்பளிக்கவில்லை. எதிர்பாராத வகையில் பெருங்குடல் புற்றுநோயும் மிகுந்திருந்தது. மார்பகமும் கருப்பையும் பாலுறுப்புகள். அவற்றுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தொடர்பிருப்பதை எவரும் ஏற்பர். உண்ட உணவின் சக்கை தங்கிச் செல்லும் குழாய்க்கும் தாய்மைக்கும் என்ன தொடர்பு?

விடை கூற முயன்றவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பணியாற்றிய டோனி மெக்மைக்கேலும் ஜான் பாட்டரும். 1980இல் அவர்கள் முன்வைத்த கருதுகோள் பித்தத்தை நடுவில் வைத்தது. பித்த அமிலங்கள் பெருங்குடலுக்குள் மிகுதியாகச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றப்பட்டு, குடலின் உட்சுவரைப் புற்றுக்கு இட்டுச்செல்கின்றன என்ற கருத்து 1971இலேயே பிரிட்டனில் மைக்கேல் ஹில் குழுவினரால் முன்வைக்கப்பட்டிருந்தது. கருத்தரிப்புக் காலத்திலும் ஹார்மோன் மாத்திரை உண்ணும்போதும் கல்லீரலில் கொலஸ்ட்ரால் கையாளப்படும் முறை மாறிப் பித்த அமிலச் சுரப்பு குறைகிறது; எனவே பலமுறை கருவுற்ற பெண்ணின் பெருங்குடல் அந்த நச்சுக்கு ஆளாவது குறைவு; கருவுறாத துறவிக்கு அக்காப்பு இல்லை என்றனர் இருவரும். ஈஸ்ட்ரோஜன் உண்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் கூடுதலாக வருவதும் இவ்விளக்கத்தோடு இசைந்தது.

அழகான கருதுகோள்தான். ஆனால் இங்கே ஒரு முரண் கண்ணில் படாமல் போகலாகாது. கன்னியாஸ்திரிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாமற் போகவில்லை. இடையீடின்றி மாதந்தோறும் சூலகம் இயங்குவதால், பல பிள்ளைகளைப் பெற்றுப் பாலூட்டிய பெண்ணைவிட அவர்களுடைய மார்பகத்தின்மீது ஹார்மோன் அலைகள் அதிக முறை மோதுகின்றன என்பதே மார்பகப் புற்றுக்குக் கூறப்படும் விளக்கம். ஆக, அதே பெண்கள் மார்பகத்தைப் பொறுத்தவரை ஹார்மோன் மிகுதிக்குச் சான்று. பெருங்குடலைப் பொறுத்தவரை ஹார்மோன் குறைவுக்குச் சான்று. பிள்ளைப்பேற்றின் எண்ணிக்கைக்கும் பெருங்குடல் புற்றுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய பிற்கால ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. ஆனாலும் கருதுகோள் மறையவில்லை. அதற்குக் காரணம் துறவிகள் அல்லர், மாத்திரை.

அம்மாத்திரையின் கதை தனியே விரியக்கூடியது. 1923இல் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் சூலக நீரிலுள்ள ஹார்மோனை அளக்க ஒரு வழி கண்டனர். 1929இல் டாய்சி அமெரிக்காவிலும் அடோல்ஃப் பூட்டனாண்ட் ஜெர்மனியிலும் தனித்தனியே அதனைப் பிரித்தெடுத்தனர். 1934இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக், இந்தப் ‘பெண் ஹார்மோன்’ ஆண் குதிரையின் சிறுநீரில் மலையளவு வெளியேறுவதைக் கண்டு வியந்தார். பெயர் சூட்டியவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். எவரும் பொருட்படுத்தவில்லை. 1942இல் சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து தயாரான ப்ரெமரின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் நிற்பதே ஒரு குறைநோய் என்றும் ஈஸ்ட்ரோஜனால் அதனைத் தீர்க்கலாம் என்றும் ஒரு நூல் எழுதினார், இலட்சக்கணக்கில் விற்றது. 1975இல் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக உண்ட பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்று பன்மடங்கு கூடுவது தெரியவந்தது. அதன்பின் கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டினும், கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்ற வழக்கம் நிலைத்தது. இந்தப் பிரிவினை பின்னர் பெருங்குடல் பற்றிய விவாதத்தின் திருப்புமுனையாக அமையும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

1980, 90களில் மாத்திரை உண்ட பெண்களையும் உண்ணாத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் குவிந்தன. அவற்றையெல்லாம் தொகுத்து 1999இல் வெளியான ஒரு மதிப்பீடு, எப்போதேனும் ஹார்மோன் உண்டவர்களுக்குப் பெருங்குடல் புற்று 20 விழுக்காடும், அப்போது உண்டுகொண்டிருந்தவர்களுக்கு 34 விழுக்காடும் குறைவு என்றது. இவ்வகை ஆய்வுகளின் பலவீனம் எல்லோரும் அறிந்ததே. மாத்திரையை நாடிய பெண்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியுடையவர்கள், உடல் எடையில் கவனமுள்ளவர்கள், மருத்துவரை அடிக்கடி காண்பவர்கள். காத்தது மாத்திரையா, வசதியா என்று பிரித்துரைக்க இயலாது.

பிரித்துரைப்பதற்காகவே பெரும் ஆய்வு ஒன்று எழுந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரான பெர்னடின் ஹீலி 1991இல் தொடங்கிவைத்த பெண்கள் நலவாழ்வு முன்னெடுப்பு அது. பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மை மாத்திரை, மறு பிரிவுக்குப் போலி மாத்திரை. எவர் எதை உண்கிறார் என்பது அவருக்கே தெரியாது. 2002இல் நின்றுபோனது இவ்வாய்வின் ஒரு கிளைதான். வசதியும் படிப்பும் இரு பிரிவிலும் சமமாக இருந்தும் பெருங்குடல் புற்று குறைந்தது. அடிலெய்டு கருதுகோள் வென்றது போலத் தோன்றிற்று.

2004ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன.

முதலாவது, ரோவன் கிளபௌஸ்கி தலைமையில் அதே ஆய்வின் பெருங்குடல் புற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கிய கட்டுரை. மாத்திரை உண்டவர்களிடம் 43 ஊடுருவும் புற்றுகள். போலி மாத்திரைப் பிரிவில் 72. எண்ணிக்கையில் குறைவு உறுதியாயிற்று. ஆனால் அந்த 43 பேரின் நிலை மோசமாக இருந்தது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தவை 59 விழுக்காடு. மறு பிரிவில் 29 விழுக்காடு. ஏன்? கட்டுரையிலேயே ஒரு குறிப்பு உண்டு. ஹார்மோன் உண்டவர்களில், நோய் கண்டறியப்படும் முன் யோனி வழி இரத்தப்போக்கு இருந்த பெண்களிடம் கணுக்களில் பரவல் மிகுந்திருந்தது. மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு வழக்கமான பக்கவிளைவு. அதன் நிழலில் குடலிலிருந்து வரும் இரத்தம் கவனிக்கப்படாமல் போயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. உறுதிப்படாத விளக்கம்தான், எனினும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மலத்தில் இரத்தம் கண்டால் ‘மூலமாக இருக்கும்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் நம் ஊர்ப் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு, தெரிந்த காரணம் ஒன்று தெரியாத நோயை எவ்வாறு மறைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது செய்தி இன்னும் கடுமையானது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களைக் கொண்ட மற்றக் கிளையில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கப்பட்டது. அதுவும் காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. அங்கே பெருங்குடல் புற்று ஈஸ்ட்ரோஜன் பிரிவில் 61, போலிப் பிரிவில் 58. குறைவே இல்லை. ஈஸ்ட்ரோஜன்தான் காக்கிறது என்றால், துணைக்கு எவருமின்றி அது தனித்து நின்ற இடத்தில் ஏன் காக்கவில்லை? காத்தது புரோஜெஸ்டினா, இரண்டின் சேர்க்கையா, அல்லது முதற்கிளையில் கண்டது நோய் குறைந்ததன்று, நோயைக் கண்டறிவது பிந்தியதா? 2008இல் இதே முன்னெடுப்பின் பெண்களின் இரத்தத்தை அளந்த மற்றோர் ஆய்வு, மாத்திரை உண்ணாத பெண்களில் இயற்கையான எஸ்ட்ராடையால் மிகுந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றும் மிகுதி என்று கூறிக் குழப்பத்தை மேலும் ஆழப்படுத்திற்று.

நெடுநாள் தொடர்ந்து கவனித்த பின் 2012இல் இறப்புக் கணக்கு வெளிவந்தது. கூட்டு மாத்திரைப் பிரிவில் பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள் 37. போலிப் பிரிவில் 27. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவே. எனினும் ஒன்று தெளிவு: நோயாளிகள் குறைந்தும் சாவு குறையவில்லை. பத்தாயிரத்தில் ஆறு என்ற அந்த வரியை நம்பி, இன்ன தீமைக்கு இன்ன நன்மை என்று தராசில் வைத்துப் பார்த்த பெண்ணுக்கு, தராசின் ஒரு தட்டிலிருந்த எடை பத்தாண்டுகள் கழித்து எடுக்கப்பட்டது.

இதற்கிடையே, மக்களை எண்ணாமல் உயிரணுவுக்குள் தேடியவர்கள் வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தனர். ஹார்மோன் தானாக எதையும் செய்வதில்லை. உயிரணுவில் அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் இருந்தால்தான் அதன் சொல் எடுபடும். 1950களின் இறுதியில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் தடத்தைக் கண்டார். நாற்பது ஆண்டுகள் அது ஒன்றே என்று நம்பப்பட்டது. அந்த ஏற்பி பெருங்குடலில் மிகக் குறைவு. எனவே ஹார்மோன் அங்கே நேரடியாக வேலை செய்ய வழியில்லை என்ற எண்ணம் நிலவியது. பித்தத்தைச் சுற்றிக்கொண்டு வரும் விளக்கம் தேவைப்பட்டதற்கும் இது ஒரு காரணம். 1994இல் ழான் பியர் இசா, ஸ்டீபன் பேலின் குழுவினர், முதல் ஏற்பியின் மரபணு வயதாக ஆக மெத்திலேற்றத்தால் பெருங்குடலில் அடைபட்டுவருவதையும், கட்டிகளில் அவ்வடைப்பு முற்றியிருப்பதையும் காட்டினர்.

1996இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான் ஓகே குஸ்டாஃப்சனும் ஜார்ஜ் கைப்பரும் எலியின் புராஸ்டேட் சுரப்பியில் தேடிக்கொண்டிருந்தபோது இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒன்றைக் கண்டனர். பழையதற்கு ஆல்ஃபா, புதியதற்கு பீட்டா என்று பெயராயிற்று. பெண் ஹார்மோனின் ஏற்பி ஆணின் சுரப்பியில் கிடைத்ததைக் கேட்டால் சோண்டெக்கின் குதிரை நினைவுக்கு வரும். பெருங்குடலின் உட்சுவரில் மேலோங்கி நிற்பது பீட்டாதான் என்பது விரைவில் தெரியவந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படியே. 2000இல், புற்றாக மாறிய திசுவில் பீட்டாப் புரதம் அருகிலுள்ள நல்ல திசுவைவிடக் குறைந்துவிடுகிறது என்று கண்டறியப்பட்டது. 2006இல் பீட்டா நீக்கப்பட்ட சுண்டெலிகளின் குடல் உட்சுவரில் உயிரணுக்கள் மட்டின்றிப் பெருகுவது காட்டப்பட்டது. ஆக, பெருங்குடலில் ஈஸ்ட்ரோஜன் ஒரு கடிவாளம். அக்கடிவாளத்தின் வார் பீட்டா. வார் அறுந்த குடலில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் ஊற்றினாலும் பயனில்லை என்று எண்ண இடமுண்டு. நாற்பது வயதுத் துறவியின் குடலும் அறுபது வயதில் மாத்திரை தொடங்கிய பெண்ணின் குடலும் ஒரே குடல் அல்ல.

இதுவரை சொன்னது அமைதியான குடலின் கதை. அழற்சியுற்ற குடலின் கதை வேறு.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் நோயில் பெருங்குடலின் உட்சுவர் ஆண்டுக்கணக்கில் புண்ணாகி ஆறி, மீண்டும் புண்ணாகும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் உயிரணுக்கள் விரைந்து பிளந்து பெருக வேண்டும். அவ்விரைவில்தான் பிழைகள் நேர்கின்றன. குடல் அழற்சி நோயாளிகளுள் ஆண்களுக்குப் பெண்களைவிடப் பெருங்குடல் புற்று 60 விழுக்காடு கூடுதல் என்று 2010இல் ஸ்வீடன் தரவுகள் காட்டின. பெண்ணுக்கு ஏதோ காப்பு இருப்பதாகவே இதுவும் தோன்றும். ஆனால் அமெரிக்கச் செவிலியர் நலவாழ்வு ஆய்வில் மாதவிடாய் நின்ற ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த ஹமீத் கலீலி குழுவினர் 2012இல் கண்டது நேர்மாறு: ஹார்மோன் மாத்திரை உண்டுகொண்டிருப்பவர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்கு. கன்னியாஸ்திரிகளில் தொடங்கிய காப்புக் கதையைச் செவிலியர்கள் கலைத்தார்கள்.

சுண்டெலிகளும் ஒத்த சாட்சி சொல்லவில்லை. அசாக்சிமீத்தேன் என்ற புற்றூக்கியைச் செலுத்தி, பின் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து அழற்சியை மூட்டிவிட்டால் சில வாரங்களில் குடலில் கட்டிகள் தோன்றும். 2014இல் ஆம்ஸ்டர்டாமில் யாரோம் ஹெய்மன்ஸ் குழுவினர் இம்முறையில் செய்த ஆய்வில், சூலகம் அகற்றப்பட்ட எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன. ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுத்ததும் கூடின. 2019இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் நாயோங் கிம் குழுவினர் அதே வேதிப்பொருள்களைக் கொண்டு ஆண் எலிகளுக்கு எஸ்ட்ராடையால் ஊசி போட்டபோது கட்டிகள் குறைந்தன. ஒன்றில் பெண் எலி, மற்றொன்றில் ஆண் எலி. ஹார்மோன் கொடுத்த முறையும் ஒன்றல்ல. எது சரி என்று தீர்ப்பெழுத முனைவது பயனற்றது. இரண்டும் சரியாக இருக்கக்கூடும் என்பதே இப்போதைய நிலை. புண் ஆறுவதற்கு உயிரணுக்கள் பெருக வேண்டிய நேரத்தில் பெருக்கத்தை அடக்கும் கடிவாளம் தீங்காகலாம். புண்ணில்லாத காலத்தில் அதே கடிவாளம் நன்மையாகலாம்.

2020இல் ஸ்டாக்ஹோமில் சிசிலியா வில்லியம்ஸ் குழுவினர் செய்த ஆய்வு இச்சிக்கலில் ஒரு முடிச்சை அவிழ்த்தது. உடல் முழுவதும் அல்லாமல் குடலின் உட்சுவரில் மட்டும் பீட்டா ஏற்பியை நீக்கினர். ஆண், பெண் இரு பாலிலும் அழற்சிவழிக் கட்டிகள் மிகுந்தன. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற சமிக்ஞையின் கடுமையைப் பீட்டா உட்சுவருக்குள்ளேயே தணிக்கிறது என்று அவர்கள் காட்டினர். ஆகவே கேள்வி இரத்தத்தில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் ஓடுகிறது என்பதிலிருந்து, அதனைக் கேட்கும் செவி குடலில் எஞ்சியிருக்கிறதா என்பதற்கு நகர்ந்துள்ளது. குடல் அழற்சி தீவிரமாக உள்ள நோயாளிகளிடம் அந்தச் செவியே மங்கியிருப்பதற்கும் சான்றுகள் உள்ளன. பீட்டாவை மட்டும் தட்டியெழுப்பி ஆல்ஃபாவைத் தொடாமல் விடும் மூலக்கூறுகள் ஆய்வகங்களில் பல உள்ளன. பெருங்குடல் புற்றைத் தடுக்கும் மருந்தாக அவற்றில் எதுவும் இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை.

மாதவிடாய் நின்ற பின் வரும் உடற்கொதிப்புக்கும் உறக்கக் கேட்டுக்கும் ஹார்மோன் இன்றும் கொடுக்கப்படுகிறது. அதற்கு நியாயமும் உண்டு. நாட்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக அதனைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2017இலும் 2022இலும் பரிந்துரைத்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கான வழிகாட்டுதல்களில் ஈஸ்ட்ரோஜனுக்கு இடமில்லை. நோய்க்குறி தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆனதும் கொலனோஸ்கோப்பி, அதன்பின் நோயின் தன்மைக்கேற்ற இடைவெளியில் மீண்டும் கொலனோஸ்கோப்பி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு.